மிச்சத்தை நாக்கால் கட்ட வேண்டும்: இத்தாலிய மொழியில் மருத்துவம் படிக்க ஒரு முழு வழிகாட்டி

"அக்கா, இத்தாலியில மெடிசினுக்கு ஃபீஸே இல்லையாமே, உண்மையா?"

மாதம் ஒரு தடவையாவது யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். பாதி உண்மை. வருமானம் குறைந்த குடும்பம் என்றால், அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்குச் சில நூறு யூரோவோடு வேலை முடிந்துவிடும். மிச்சத்தை நாக்கால் கட்ட வேண்டும். ஆறு வருடம், 360 கிரெடிட், அதிகபட்சம் 36 தேர்வுகள். அவற்றில் பெரும்பாலானவை பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை. எல்லாமே இத்தாலிய மொழியில்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து 14 வயதில் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வந்தவள். அம்மா ஒரு வீட்டில் வயதான பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பள்ளியும் அங்கேயே, மருத்துவமும் அங்கேயே. நான் எழுதியது பழைய நுழைவுத் தேர்வு. என் சித்தி மகள் 2025இல் புதிய முறையில் சேர்ந்தாள். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

1. முதலில் இதை முடிவு செய்யுங்கள்: படித்துவிட்டு எங்கே வேலை?

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். இந்தியாவுக்குத் திரும்பி மருத்துவராக வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், இத்தாலிய மொழிப் படிப்பு வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகளின்படி, வெளிநாட்டில் படித்தவர் இந்தியாவில் பதிவு செய்யவேண்டுமென்றால் பாடமொழி ஆங்கிலமாக இருந்திருக்க வேண்டும். குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, கிளம்பும் முன்பே நீட் தகுதி என்று மற்ற நிபந்தனைகளும் உண்டு. ஆனால் மொழி என்ற இடத்திலேயே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. ஏஜென்ட் யாராவது "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்றால் எழுத்தில் கேளுங்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

இலங்கைக்குத் திரும்புபவர்கள் மருத்துவச் சபையின் பதிவுத் தேர்வை எழுத வேண்டும். நீங்கள் சேரும் பல்கலைக்கழகம் சபை ஏற்றுக்கொண்ட ஒன்றா என்பதைச் சேர்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, இந்தப் படிப்பு யாருக்கு? இத்தாலியில் தங்கப் போகிறவர்களுக்கு. எல்லோரையும்விட, இங்கேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நெறிமுறைப்படி இத்தாலியப் பட்டம் மற்ற உறுப்பு நாடுகளிலும் தானாக ஏற்கப்படும். ஆனால் அது ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதிய விதி. அதனால் இத்தாலியில் பிறந்து தொடர்ந்து இங்கேயே வசித்த பிள்ளைகள், 18 வயது முடிந்து 19 ஆவதற்குள் குடியுரிமை கோரும் அந்த ஒரு வருடத்தைத் தவற விடக்கூடாது. பள்ளி இறுதித் தேர்வுப் பரபரப்பில் இதை மறந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் மருத்துவம் சொல்லித்தரும் பிரிவுகளும் பவியா, மிலான், பொலோஞ்ஞா, பாதோவா போன்ற ஊர்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் உண்டு. அவற்றுக்குத் தனித் தேர்வு. ஆனால் அங்கேயும் நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார்.

2. மொழி

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எதிர்பார்ப்பது பி2 நிலை, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோலில் மேல் இடைநிலை. சியேனா பல்கலைக்கழகத்தின் சில்ஸ், பெருஜாவின் செலி, தாந்தே அலிகியேரி சங்கத்தின் ப்ளிதா ஆகிய சான்றிதழ்கள் செல்லும். பி2 என்பது உள்ளே நுழையப் போதும். உடற்கூறியல் தேர்வுக்குப் போதாது. முழு நேரமாகப் படிக்க ஒரு வருடமாவது ஒதுக்குங்கள்.

தமிழ்க் காதுக்கு இங்கே ஒரு பெரிய வரம் உண்டு. இத்தாலிய மொழியில் இரட்டை மெய் பொருளையே மாற்றிவிடும். 'அன்னோ' என்றால் வருடம். 'ஆனோ' என்றால் ஆசனவாய். "உனக்கு எத்தனை வயது" என்று கேட்க நினைத்து வேறு எதையோ எண்ணிக் கேட்டுவிடும் வெளிநாட்டு மாணவர்களை வகுப்புக்கு ஒருவராவது பார்க்கலாம். பனிக்கும் பன்னிக்கும் வித்தியாசம் தெரிந்து வளர்ந்த நமக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.

நம் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'கல்லோ' என்று எழுதுகிறேன், பாருங்கள். அழுத்தமான க போட்டால் காலில் வரும் ஆணி. மென்மையாகச் சொன்னால் சேவல். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே. ப, த, ச எல்லாவற்றிலும் இதே கதை. முதல் மூன்று மாதம் இதற்காகவே வாய்விட்டுப் படியுங்கள்.

உடல் உறுப்புகளின் இலக்கணம் தனி வேடிக்கை. கை ஒன்று என்றால் ஆண்பால், 'பிராச்சோ'. இரண்டு என்றால் பெண்பால், 'பிராச்சா'. முழங்கால், விரல், உதடு, எலும்பு எல்லாம் இப்படித்தான். இதற்குக் காரணம் தேடாதீர்கள், மனப்பாடம் செய்யுங்கள்.

மரியாதைச் சொல்லைக் கேட்டால் இன்னும் அதிர்ச்சி. பேராசிரியரை 'லேய்' என்று அழைக்க வேண்டும். அதன் நேர்ப்பொருள் 'அவள்'. தாடி வைத்த எழுபது வயதுப் பேராசிரியரும் 'அவள்'தான். நம் 'தாங்கள்' கூட மூலத்தில் படர்க்கைச் சொல்தானே என்று நினைத்துக்கொண்டால் சமாதானமாகிவிடும். 'நீ' என்று அழைக்கும் 'தூ'வை வார்டில் நோயாளியிடம் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், அவர் உங்கள் வயதுக்காரராகவே இருந்தாலும்.

சொற்களைப் புத்தகத்தில் மட்டும் தேட வேண்டாம். மண்ணீரலுக்கு 'மில்த்ஸா' என்ற சொல் எனக்கு ஒட்டிக்கொண்டது பலெர்மோ தெருக்கடையில். கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் வேகவைத்து, பன்றிக் கொழுப்பில் வதக்கி, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். பெயர் பானி கா மேவுஸா. "ஸ்கியெத்தாவா, மரித்தாத்தாவா?" என்று கடைக்காரர் கேட்பார். கல்யாணமாகாததா, ஆனதா என்று பொருள். எலுமிச்சை மட்டும் பிழிந்தால் கன்னி. பாலாடைக்கட்டியும் சேர்த்தால் கல்யாணமானது. இப்படி வந்த சொல் தேர்வு மேசையில் கைவிடாது.

3. காகிதங்கள்

இத்தாலியில் பட்டப்படிப்பில் சேர 12 ஆண்டுப் பள்ளிக்கல்வி வேண்டும். பிளஸ் டூவும் இலங்கை உயர்தரமும் அதை நிறைவு செய்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் செய்ய வேண்டியவை வரிசையாக: சான்றிதழ்களை முறைப்படி அத்தாட்சி செய்வது (இந்தியச் சான்றிதழ் என்றால் அபோஸ்டில் என்ற அரசு முத்திரை), இத்தாலிய மொழிபெயர்ப்பு, தூதரகத்தின் மதிப்பு அறிக்கை அல்லது வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் சிமேயா நிறுவனத்தின் ஒப்பீட்டுச் சான்று, பிறகு யூனிவர்சிதாலி தளத்தில் முன்பதிவு, கடைசியாக டி வகை மாணவர் விசா.

இதில் நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது பெயரில். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் முன்னால். இத்தாலியில் எல்லாவற்றுக்கும் அடிப்படை 'கோதிச்சே ஃபிஸ்காலே' என்ற 16 எழுத்து வரிக்குறியீடு. அதன் முதல் மூன்று எழுத்துகளே குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகளிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. எது குடும்பப் பெயர் என்பது காகிதத்துக்குக் காகிதம் மாறினால் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். ஓர் அலுவலகத்தில் என் பெயரைத் தலைகீழாகப் பதிந்ததைத் திருத்த எனக்கு ஏழு மாதம் ஆனது. எனவே, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே வரிசைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இறங்கிய 8 வேலை நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு, அதாவது சொஜ்ஜோர்னோவுக்கு, விண்ணப்பிக்க வேண்டும். தபால் நிலையத்தில் உறையோடு படிவம் தருவார்கள். 16 யூரோ வரிவில்லை (அரசு வரி முத்திரை) ஒட்ட வேண்டும். அங்கே தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அட்டை வரும்வரை அந்தச் சின்னக் காகிதம்தான் நீங்கள்.

புதுப்பிக்கும்போது படிப்பையும் பார்ப்பார்கள். முதல் வருடத்தில் குறைந்தது ஒரு தேர்வு, அதன்பின் வருடத்துக்கு இரண்டு தேர்வு தேறியிருக்க வேண்டும். படிப்புக் காலம் தாண்டி 3 வருடத்துக்கு மேல் நீட்டிக்க மாட்டார்கள். மாணவர் அனுமதியில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். முதல் இரண்டு வருடம் அதைக்கூடச் செய்யாமல் இருக்க முடிந்தால் நல்லது.

4. வடிகட்டும் அரையாண்டு

1999 முதல் மருத்துவ இடங்கள் சட்டப்படி வரையறுக்கப்பட்டவை. பல வருடம் ஒரே நாளில் ஒரு நுழைவுத் தேர்வு என்றுதான் இருந்தது. 2025-26 கல்வியாண்டில் அரசுப் பல்கலைக்கழகங்களின் இத்தாலிய மொழிப் படிப்புக்கு அது போய்விட்டது. இப்போது யார் வேண்டுமானாலும் 250 யூரோ கட்டி முதல் அரையாண்டில் சேரலாம். வடிகட்டுவது அதற்குப் பிறகு. பெயரே 'செமெஸ்த்ரே ஃபில்த்ரோ', வடிகட்டி அரையாண்டு.

வேதியியல், இயற்பியல், உயிரியல் என்று மூன்று பாடம். மூன்றுக்கும் நாடு முழுக்க ஒரே நாளில் தேர்வு, இரண்டு வாய்ப்பு. முதல் வருடம் அவை நவம்பர் 20, டிசம்பர் 10. அந்த வருடம் பாடத்துக்கு 31 கேள்வி, 45 நிமிடம். 15 கேள்விகள் விடையைத் தேர்ந்தெடுப்பவை, 16 கேள்விகள் கோடிட்ட இடம் நிரப்புபவை. நிரப்ப வேண்டியது இத்தாலியச் சொல் என்பதைக் கவனியுங்கள். அங்கேதான் இரட்டை மெய் பற்றி மேலே சொன்னது காசாகும்.

இயற்பியலில்தான் பெரும்பாலோர் விழுந்தார்கள். எவ்வளவு பேர் என்றால், மூன்றிலும் 30க்கு 18 எடுத்தவர்கள் மட்டும் என்ற விதியை அமைச்சகமே தளர்த்தி, ஒரு பாடம் தேறியவரையும் தரவரிசையில் சேர்த்து, மிச்சத்தைப் பிறகு முடிக்கச் சொன்னது. விதி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. சேரும் வருடத்து அமைச்சக ஆணையை நேரடியாகப் படியுங்கள்.

சித்தி மகள் செய்த ஒரு நல்ல காரியம், கோடையிலேயே இயற்பியலைத் தொடங்கியது. வகுப்பு செப்டம்பரில் தொடங்கி நவம்பரில் தேர்வு வந்துவிடுகிறது. இடையில் மூச்சுவிட நேரமில்லை. நம் பிளஸ் டூ, உயர்தர இயற்பியல் ஒழுங்காகப் படித்திருந்தால் பாடம் கடினமில்லை, சொற்கள்தான் புதிது. இன்னொன்று: மருத்துவத்தோடு சேர்த்து உயிரியல், மருந்தியல் போன்ற ஒரு துணைப் படிப்பையும் பதிவு செய்யச் சொல்வார்கள். இடம் கிடைக்காவிட்டால் அங்கே போகலாம். அதை ஏனோதானோவென்று குறிக்காதீர்கள். பலருக்கு அதுவே நிஜமாகிவிடுகிறது. இந்த அரையாண்டை மூன்று முறைவரை முயலலாம்.

வெளிநாட்டில் வசிக்கும் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குப் பல்கலைக்கழகவாரியாகத் தனி ஒதுக்கீடும் தனித் தரவரிசையும் உண்டு. இத்தாலியில் முறையான அனுமதியோடு வசிக்கும் நம் பிள்ளைகள் அதில் வரமாட்டார்கள். இத்தாலியர்களோடு ஒரே பட்டியல். தனியார் பல்கலைக்கழகங்களின் தேர்வும் கட்டணமும் வேறு. அந்தக் கட்டணத்தைக் கேட்டால் இந்தக் கட்டுரையின் முதல் கேள்வியே எழாது.

5. பணம்

எல்லாம் 'ஈஸே' என்ற குடும்ப வருமான-சொத்துக் கணக்கில் நிற்கிறது. 2021 முதல் அது 22,000 யூரோவுக்குக் கீழ் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் கிடையாது. மாநில வரியும் வரிவில்லையும் மட்டும். குடும்பம் இங்கே இருந்தால் 'காஃப்' என்ற வரி உதவி அலுவலகத்தில் கணக்குப் போட்டுத் தருவார்கள். குடும்பம் ஊரில் இருந்தால், அங்குள்ள வருமானத்துக்கும் வீட்டுக்கும் மொழிபெயர்த்து அத்தாட்சி செய்த ஆவணம் வேண்டும். இந்தக் கணக்கைக் கொடுக்காமல் விட்டால் உச்சக் கட்டணம் விழும்.

மாநில உதவித்தொகைக்கும் இதே கணக்குதான். அதில் பணம், விடுதி, மாணவர் உணவகச் சாப்பாடு எல்லாம் அடக்கம். ஆனால் குறிப்பிட்ட கிரெடிட்டுகளை ஆகஸ்ட் 10க்குள் எடுத்திருக்க வேண்டும். குடும்பத்தின் வழியாக மருத்துவக் காப்பு இல்லாத வெளிநாட்டு மாணவர், அரசு மருத்துவச் சேவையில் சேர 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ கட்ட வேண்டும். இதைப் பட்ஜெட்டில் பலரும் மறக்கிறார்கள்.

6. "அப்புறம்?"

உடற்கூறியல் என் முதல் பெரிய வாய்மொழித் தேர்வு. காலை எட்டரைக்குப் பெயர் வாசித்தார்கள். என் முறை வந்தபோது மாலை நான்கு. பேராசிரியர் ஒரு பெட்டியிலிருந்து சின்ன எலும்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மணிக்கட்டின் படகெலும்பு. "மி பார்லி" என்றார். எனக்குச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேள்வி.

பெயர் சொன்னேன், எந்த வரிசையில் இருக்கிறது என்று சொன்னேன், பக்கத்து எலும்புகளைச் சொன்னேன். நிறுத்தினேன். கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்வதுதான் நான் சிறுவயதில் பழகிய மரியாதை. அவர் காத்திருந்தார். "எ போய்?" என்றார். அப்புறம்? நான் இன்னொரு வரி சொன்னேன். "எ போய்?" பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் பேனாச் சத்தம்கூடக் கேட்டது. 30க்கு 22 தந்தார், நியாயமான மதிப்பெண்.

வெளியே வந்த பிறகுதான் புரிந்தது. அவர் கேட்டது பதில் இல்லை, பேச்சு. எலும்பைக் கையில் வாங்கியதும் அதன் வடிவம், பரப்புகள், எதோடு மூட்டுச் சேர்கிறது, எந்த இரத்தக்குழாய் ஊட்டுகிறது, அது முறிந்தால் ஏன் ஆறத் தாமதமாகிறது என்று ஐந்து நிமிடம் கோவையாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். அவர் நிறுத்தும்வரை நீங்கள் நிறுத்தக்கூடாது.

அதன்பின் நான் கடைப்பிடித்த வழி இது. ஒவ்வொரு தலைப்பையும் சமையலறையில் நின்று, ஃபோனில் பதிவு செய்துகொண்டே, பத்து நிமிடம் சொல்வேன். கேட்டுப் பார்ப்பேன். தடுமாறிய இடம் தெரியாத இடம். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது; வெங்காயம் நறுக்கிக்கொண்டே, நான் நிறுத்தும்போதெல்லாம் "அப்புறம்?" என்பார். அடுத்த தேர்வில் 28.

சில நடைமுறைகள். வாய்மொழித் தேர்வுகள் பொதுவில் நடப்பவை. யாரும் போய் உட்காரலாம். உங்கள் தேர்வுக்கு முந்தைய 'அப்பெல்லோ'வில், அதாவது முந்தைய தேர்வு நாளில், பின்வரிசையில் உட்கார்ந்து கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் 30க்கு, 18 தேர்ச்சி, மிகச் சிறந்தவருக்கு '30 எ லோதே'. தந்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் பல இடங்களில் வேண்டாம் என்று சொல்லி இன்னொரு நாள் வரலாம். இந்த உரிமை தலைக்கேறி, 24ஐயும் 25ஐயும் தள்ளித் தள்ளி வருடக்கணக்கில் 'ஃபுவோரி கோர்ஸோ' ஆனவர்கள் உண்டு. காலம் கடந்தும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இங்கே அந்தப் பெயர். சொஜ்ஜோர்னோவில் இருப்பவர்கள் இந்த ஆடம்பரத்தை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

'ஸ்போபினே' என்ற சொல்லைச் சேர்ந்த முதல் வாரமே கேட்பீர்கள். வகுப்பைப் பதிவு செய்து மாணவர்களே முறைவைத்துத் தட்டச்சு செய்யும் முழு உரை அது. தேர்வுக்கு உண்மையான பாடநூல் அதுதான். மொழி போதாதென்று கூச்சப்பட்டு அந்தக் குழுவில் சேராமல் இருப்பது பெரிய தவறு. தட்டச்சு முறையை நீங்களும் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு முதலில் ஆறு மணி நேரம் ஆகும். காது திறப்பது அங்கேதான்.

அப்புறம், தேர்வுக்குப் போகிறவரிடம் 'வாழ்த்துகள்' என்று சொல்லிவிடாதீர்கள், அபசகுனம். "ஓநாயின் வாய்க்குள்!" என்பார்கள், "சாகட்டும்!" என்று பதில் சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு இதில் நம்பிக்கையில்லை. பலெர்மோத் தமிழர்கள் பலரைப்போல அவரும் பெல்லெக்ரினோ மலையேறிப் புனித ரொசாலியாவிடம் சொல்லிவிட்டு வருவார்.

7. வார்டு

மூன்றாம் வருடத்திலிருந்து மருத்துவமனைப் பயிற்சி. அங்கே உங்களுக்குக் கற்றுத்தரப் போவது பெரும்பாலும் பேராசிரியர் இல்லை, 'ஸ்பெச்சாலித்ஸான்தோ' என்ற மேற்படிப்பு மருத்துவர். அவருக்கும் நேரமில்லை. மூலையில் நின்றால் ஆறு மாதம் மூலையிலேயே நிற்கலாம். "இரத்த அழுத்தம் நான் பார்க்கட்டுமா?" என்று நீங்களாகக் கேட்க வேண்டும்.

நோயாளிகள் பேசுவது நீங்கள் பி2வில் படித்த மொழியில்லை. வயிற்றுவலிக்கு சிசிலியக் கிழவி "மி தோலி ஆ பான்த்ஸா" என்பார். "எனக்குச் செர்விகாலே இருக்கிறது" என்பார் இன்னொருவர். கழுத்துவலி, தலைச்சுற்றல், கண் இருட்டல் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். குளிர்காற்று பட்டதால் வந்தது என்று காரணமும் அவரே சொல்லிவிடுவார். நம் ஊரில் 'வாயு' என்று சொல்லும்போது என்ன செய்வீர்களோ அதையே இங்கும் செய்யுங்கள்: எங்கே, எப்போது, எப்படி என்று பொறுமையாகக் கேளுங்கள்.

புற்றுநோய் என்ற சொல்லை யாரும் எளிதில் எடுக்க மாட்டார்கள். "உன் ப்ருத்தோ மாலே" என்பார்கள், 'ஒரு கெட்ட நோய்'. மகன் உங்களை வராந்தாவுக்கு அழைத்து, "அம்மாவுக்குத் தெரியாது, சொல்லிவிடாதீர்கள்" என்பார். நமக்கு அது இயல்பாகவே படும். நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது. ஆனால் 2017ஆம் ஆண்டின் 219ஆம் எண் சட்டப்படி, தன் நோயை அறிவது நோயாளியின் உரிமை; தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவு செய்வதும், யாரிடம் சொல்லலாம் என்று காட்டுவதும் அவரே. மாணவராக இருக்கும்வரை, மகனிடம் எதுவும் ஒப்புக்கொள்ளாமல் பொறுப்பு மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

8. பட்டமும் அதன் பிறகும்

முன்பெல்லாம் பட்டம் வாங்கியபின் தனியாக அரசுத் தேர்வு இருந்தது. கோவிட் வந்த 2020 மார்ச்சில் அதை நீக்கினார்கள். இப்போது பட்டமே உரிமம். அதற்குப் பதில் படிப்புக்குள்ளேயே மூன்று மாத மதிப்பீட்டுப் பயிற்சி: மருத்துவப் பிரிவில் ஒரு மாதம், அறுவைப் பிரிவில் ஒரு மாதம், குடும்ப மருத்துவரிடம் ஒரு மாதம். ஆய்வேட்டை வாதிட்டு, 110க்கு மதிப்பெண் வாங்கி, தலையில் லாரல் இலைக் கிரீடத்தோடு புகைப்படம் எடுத்துக்கொண்டபின், மாவட்ட மருத்துவர் சங்கத்தில் பதிந்தால் நீங்கள் மருத்துவர்.

மேற்படிப்புக்கு நாடு தழுவிய தேர்வு, 140 கேள்வி, 210 நிமிடம். இடம் கிடைத்தால் நான்கைந்து வருடம் சம்பளத்தோடு பயிற்சி. குடும்ப மருத்துவராக மூன்று வருடப் பாதை தனி.

அதற்குக் காத்திருக்கும் மாதங்களில் புது மருத்துவர்கள் பலரும் போவது 'குவார்தியா மேதிகா', இரவு நேரக் கிராமப் பணி. ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரு தொலைபேசி. இரவு இரண்டு மணிக்கு அது அடிக்கும். மறுமுனையில் வட்டார வழக்கில் ஒருவர் பதறுவார். முகம் தெரியாது, கை காட்டி விளக்க முடியாது. முதலில் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். வலி எங்கே என்பதை அதன்பின் கேட்கலாம்.